மேல் முனையில் நாலு போல்ட்

2025 ஜூலை 15, செவ்வாய்.

நசரத்பேட்டை வேலையில் இன்று ஒரு சிறு தவறு. லிஃப்ட்டின் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே உள்ள இடைவெளியைக் கீழே அளந்தேன், மேலே அளந்தேன், நடுவில் அளக்கவில்லை. ஏணி எட்டவில்லை என்று உதயகுமார் அண்ணனிடம் சொன்னேன். எட்டியிருக்கும். அதற்குள் டீ வந்துவிட்டது.

நாளைய வேலை: நடுவில் அளப்பது.

மர்வா தன் நாளை இப்படித்தான் முடிப்பாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் இயந்திரப் படம் பயிலும் மாலை வகுப்பு தொடங்குவதற்கு முன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அன்றைய தவறு ஒன்றை எழுதுவாள். அதற்கு அடியில் மறுநாள் வேலை. தவறே இல்லாத நாள் அவளுக்கு அமைந்ததில்லை. ஒருமுறை எவ்வளவு யோசித்தும் எதுவும் அகப்படாமல், 'இன்று தவறு எதுவும் கண்ணில் படவில்லை. கண்ணில் படாமல் போனதுதான் தவறாக இருக்கும்' என்று எழுதிய பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

பகலில் அவளுக்குத் தாய்மாமா உஸ்மான் கனியின் பட்டறையில் வேலை. ஹைட்ராலிக் சிலிண்டர் செய்கிற பட்டறை. அடைத்த குழாய்க்குள் எண்ணெயை அழுத்தித் தள்ளினால் உள்ளிருக்கும் எஃகுத் தண்டு வெளியே வரும். அது எதன் மேல் முட்டுகிறதோ அது நகரும். தொழில் அவ்வளவுதான். தகராறெல்லாம் அந்தச் சிலிண்டரை எதில், எப்படிப் பிடித்து நிறுத்துவது என்பதில் வரும்.

மாமாவுக்கு அதில் தகராறே வந்ததில்லை. அவர் காலமெல்லாம் செய்து கொடுத்தது பிரஸ் மிஷின் சிலிண்டர்கள். குட்டையாக, தடியாக, அடியில் ஒரு தட்டும் நுனியில் ஒரு தட்டும் வைத்து, தட்டுக்கு நாலு போல்ட் இறுக்கிவிட்டால் இடித்தாலும் அசையாது. அசையாததுதான் நல்ல வேலை என்பது அவர் கணக்கு. முதன்முதலாக ஒரு சரக்கு லிஃப்ட் கேட்டு நசரத்பேட்டை அஞ்சலை வந்தபோதும் அவர் அதே கணக்கோடுதான் தலையாட்டினார்.

படம் வரைந்தது மர்வா. ஓர் ஆள் உயரத்துக்கு மேல் நீளுகிற தண்டு. அடியில் தட்டு வைத்துத் தரையோடு இறுக்கியாகிவிட்டது. அதனால் மேல் முனையில் ஒரு கண் வளையமும் அதற்குள் குறுக்கே 'பின்' என்கிற ஓர் இரும்பு முளையும் போட்டாள். தூக்கும் மேடை கொஞ்சம் சாய்ந்தாலும் தண்டு சாயாமல், அந்த வளையம் திரும்பிக்கொள்ளும். மாமா வந்து திரையைப் பார்த்தார்.

"இன்னாம்மா இது? லிஃப்ட்டு கேட்டா ஊஞ்சல் கட்டி வெச்சிருக்கே?"

"இல்ல மாமா, மேல கொஞ்சம் லூசு குடுத்தா…"

"லூசா! கஸ்டமர் காதுல உழப்போவுது. நாலு போல்ட்டப் போட்டு இறுக்கு. ஆடக் கூடாது. ஆட்டத்தப் பாத்தா ஆளு பயந்துரும்."

மர்வா வளையத்தை அழித்தாள். தட்டு வரைந்தாள், நாலு துளை வைத்தாள். மாமாவுக்குத் தெரியாததா? தான் போவது மாலை வகுப்பு. அதுவும் கடைசி பெஞ்சு. அன்று அவள் எழுதிய தவறு, ஓர் அளவுக்கோட்டுக்கு அம்புக்குறி போட மறந்தது. அழித்த வளையத்தைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. படத்தின் மூலையில் 'வரைந்தவர்' என்ற கட்டத்தில் அவள் பெயர். 'சரிபார்த்தவர்' என்ற கட்டத்தில் மாமா பெயர். அந்த இரண்டாவது கட்டம்தான் அவளுக்குத் தூக்கம் தந்தது.

புதன்கிழமை பிற்பகல் அவள் நசரத்பேட்டைக்குப் போனபோது அஞ்சலை கடை வாசலில் அண்டாக்களுக்கு நடுவே நின்றுகொண்டு போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி வாடகைப் பாத்திரக் கடை. கீழே நாற்காலியும் அடுப்பும், மாடியில் அண்டாவும் தாம்பாளமும். பின்பக்கம் பந்தல் சாமான்.

"வா பாப்பா. நாளிக்கு ஆடி பொறக்குது, தெரியுமில்ல? மாங்காட்டுலேந்து கரையான்சாவடி வரிக்கும் தெருவுக்குத் தெரு கூழ் ஊத்தப் போறாங்கோ. அம்மாம் அண்டாவும் மாடில கீது. உங்க மாமன் காலைல லிஃப்ட்ட கைல குடுக்கறேன்னு சொல்லிக்கினு கீறாரு. குடுப்பாரா?"

"குடுத்துருவோம்க்கா. ஒரே ஒரு அளவு பாக்கணும்."

லிஃப்ட் என்றால் கடையின் பின்மூலையில் செங்கல்லால் எழுப்பிய ஒரு கூண்டு. மூன்று பக்கம் சுவர். நாலாவது பக்கத்தில் தரைக்கு ஒரு வாசல், மாடிக்கு ஒரு வாசல், இரண்டுக்கும் நடுவே அங்கேயும் சுவர். பின்சுவரில் இரண்டு தண்டவாளம். அவற்றைப் பற்றிக்கொண்டு ஏறி இறங்கும் இரும்பு மேடை. மேடையின் முதுகுச் சட்டத்தில், தலைக்குச் சற்று மேலே, சிலிண்டரின் தண்டு வந்து நாலு போல்ட்டில் சேர்கிறது. சிலிண்டரின் பாதி உடம்பு தரைப் பள்ளத்துக்குள் புதைந்திருக்கிறது. கீழ் வாசலில் மர்வா அன்று காலை அச்சடித்துக் கொடுத்தனுப்பிய அறிவிப்பு ஒட்டியிருந்தது: 'சரக்கு மட்டும். ஆள் ஏறக் கூடாது.'

அந்த அறிவிப்புக்கு அடியில் குனிந்து அவள் மேடையில் ஏறினாள். நடுவில் அளக்க வேறு வழி இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஏணி பக்கத்துச் சுவரில்தான் சாய்ந்திருந்தது. ஆனால் அதைக் கூண்டுக்குள் நிறுத்த மேடையை மேலே அனுப்ப வேண்டும், அப்படி அனுப்பினால் தலைக்கு மேல் மேடை தொங்கும். அதைவிட மேடையில் நிற்பது மேல்.

"உதயா அண்ணே, மெதுவா ஏத்துங்க. நடுவுல சொல்றேன், நிறுத்துங்க."

ஃபிட்டர் உதயகுமார் பொத்தானில் விரல் வைத்தான். "போர்டு எழுதின மேடமே ஏறிட்டாங்கோ. நம்மள இன்னா கேக்கறது?"

"இரு இரு, நானும் வரேன்" என்று அஞ்சலை சாவிக்கொத்து குலுங்க உள்ளே வந்துவிட்டாள். "மேல போயி அண்டாவ எண்ணணும். முட்டி ரெண்டும் போயிச்சி. இதுக்குத்தான இந்த லிஃப்ட்டே."

"அக்கா, ஆளு ஏறக் கூடாது."

"நீ இன்னா அரிசி மூட்டையா?"

மர்வா நகர்ந்து இடம் விட்டாள். மேடை கிளம்பியது.

அண்டா எண்ணிக்கை பற்றி அஞ்சலை ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். கீழ் வாசல் மெல்லக் கீழே நழுவியது, எதிரே செங்கல் சுவர் வந்தது. மர்வா டேப்பை நீட்டினாள். அப்போது முதுகுப் பக்கம் கிறீச் என்று ஒரு சத்தம். மேடை இடது பக்கம் லேசாகச் சாய்ந்தது. நின்றது. கீழே மோட்டார் ஊளையிட்டது.

"விடுங்க! பட்டனை விடுங்க!"

மோட்டார் அடங்கியது. கூண்டுக்குள் சட்டென்று எல்லாம் அமைதியானது. நாலு பக்கமும் சுவர். எதிர்ச் சுவரின் அடியில், காலருகே, ஆள் படுத்து நுழையலாம் போன்ற ஒரு சந்து. அது கீழ் வாசலின் மிச்சம். கண் மட்டத்தில் மாடித் தரையின் விளிம்பு; அதற்கு மேலே கவிழ்த்து அடுக்கிய அண்டாக்களின் அடிப்பாகம் வரிசையாகத் தெரிந்தது. இடையில் செங்கல்.

"இன்னா ஆச்சி?" என்றாள் அஞ்சலை.

மர்வா டேப்பை வைத்து அளந்தாள். நம்பாமல் இரண்டாவது முறையும் அளந்தாள். நடுவில் தண்டவாளங்கள் நெருங்கியிருந்தன. சுவரின் புடைப்பு ஒன்று வலது தண்டவாளத்தை உள்ளே தள்ளியிருந்தது. தண்டவாளத்தைப் பற்றி வழுக்குகிற, மேடையின் ஒரு பக்கத்துச் சறுக்குக் கட்டை அந்த இறுக்கத்தில் ஆப்பு மாதிரி சொருகிக்கொண்டு நின்றது.

"நான் நேத்து இங்க அளக்கலக்கா" என்றாள். "என் தப்பு."

"சரி, உடு. இறங்கற வழிய சொல்லு." அஞ்சலை முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து அடிச் சந்தைப் பார்த்தாள். "இதுல பூந்து போயிரலாமா?"

"வேணாம்க்கா! நீங்க பாதி நுழையறப்ப மேடை அசைஞ்சா…" மர்வா முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இருக்கவில்லை. அஞ்சலை சட்டென்று நிமிர்ந்து, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

கீழிருந்து உதயகுமாரின் குரல். "தங்கச்சி, எறக்கிப் பாக்கட்டா?"

இறக்கு என்றுதான் அவள் நாக்கு நுனியில் இருந்தது. ஏறாவிட்டால் இறங்கு, அதுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அவள் பார்வை முதுகுச் சட்டத்தின் கம்பி வலைக்குப் பின்னால் போயிருந்தது. பளபளவென்று நின்ற தண்டுக்கும் வலைக்கும் இடையே நேற்று ஒரே சீரான இடைவெளி இருந்தது. இப்போது நடுப்பகுதியில் தண்டு வலையைத் தொடப் போகிற மாதிரி இருந்தது. கண் ஏமாற்றுகிறதா?

"கொஞ்சம் பொறுங்கண்ணே. எதையும் தொடாதீங்க. அக்கா, உங்க சாவியக் குடுங்க. நூல் ஏதாவது இருக்கா?"

அஞ்சலையின் இடுப்பில் பாத்திரம் கட்டுகிற சணல் எப்போதும் இருக்கும். மர்வா சாவிக்கொத்தைச் சணலில் கட்டி, தண்டின் பக்கத்தில் மேலிருந்து தொங்கவிட்டாள். சாவிகள் சுற்றி, ஆடி, மெல்ல நின்றன. சணல் நேராக நின்றது. தண்டு நேராக இல்லை. மேலேயும் கீழேயும் சணலை ஒட்டியும், நடுவில் ஒரு விரல் விலகியும் நின்றது. எஃகு வில் மாதிரி வளைந்திருந்தது.

அவள் தலையைத் தூக்கி நாலு போல்ட்டையும் பார்த்தாள். மேடை சாய்ந்ததும், மேல் முனை திரும்பிக்கொடுத்திருந்தால் தண்டு நேராகவே இருந்திருக்கும். திரும்ப வழியில்லாமல் நாலு போல்ட் அதைப் பிடித்துக்கொண்டது. அடியில் இன்னும் சில போல்ட். இரண்டு முனையும் கட்டிப்போட்ட ஒரு தண்டைத் தள்ளினால் அது நடுவில் வளையாமல் வேறு என்ன செய்யும்?

வாசலில் செருப்புச் சத்தம். டீக்கடையில் இருந்த மாமாவை யாரோ கூப்பிட்டிருந்தார்கள். அடிச் சந்தில் அவர் முகம் பக்கவாட்டில் தெரிந்தது. தரையில் கையூன்றி எட்டிப் பார்த்தார்.

"யாரு உள்ள? மர்வாவா? ஏம்மா ஏறினே? அஞ்சலை அக்கா, பயப்படாதீங்க, இதோ ஆச்சு. இன்னா மாட்டிக்கினு கீது?"

மர்வா குனிந்தாள். "மாமா, ரெயிலு. நடுவுல கிட்ட வந்துருச்சு. நான் நேத்து அளக்காம விட்டுட்டேன். என் தப்பு மாமா."

அந்த வார்த்தை எவ்வளவு சுலபமாக வந்தது என்று அவளுக்கே தெரிந்தது. தினமும் எழுதிப் பழகிய வார்த்தை.

"அவ்ளோதான?" மாமாவின் முகத்தில் நிம்மதி. "இடுக்குல சொருவிக்கிச்சி. உதயா, பிரஷர ஏத்து. வால்வுல ரெண்டு சுத்து குடு. ஒரு தள்ளு தள்ளினா இடுக்கத் தாண்டிரும்."

உதயகுமார் ஸ்பானரை எடுக்கும் ஓசை கேட்டது.

மர்வா தண்டைப் பார்த்தாள். தன் தவறைச் சொல்லியாகிவிட்டது. மாமா அதை நம்பிவிட்டார். அதனால்தான் தள்ளச் சொல்கிறார். இடுக்கு மட்டும்தான் காரணம் என்றால் தள்ளுவது நியாயம். இடுக்கு மட்டும் காரணமில்லை என்று சொல்ல, நாலு போல்ட்டைச் சொல்ல வேண்டும். அதை மாமாவுக்கு, அதுவும் கஸ்டமரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. இந்த வேலை மாமா கொடுத்தது. பெருநாளைக்கு மாமா வீட்டில் சாப்பாடு, உம்மாவுக்கு மருந்து வாங்குவதும் மாமா வண்டியில். பட்டறையில் அவரிடம் 'முடியாது' என்று சொன்ன குரல் எதையும் அவள் இதுவரை கேட்டதில்லை. ஒருவேளை மாமா சொல்வதே சரியாக இருக்கலாம். ஒரு விரல் வளைவை எஃகு தாங்கும். ஒருவேளை சணல்தான் கோணல்.

சணல் எப்படிக் கோணும்?

"மாமா, கொஞ்சம்…" என்றாள். அது அவளுக்கே கேட்கவில்லை.

"ஏத்தறேன் பாய்" என்றான் உதயகுமார். மோட்டார் உறுமத் தொடங்கியது. தலைக்கு மேலே போல்ட் ஒன்று டிக் என்றது.

"நிறுத்துங்க!"

அந்தக் கத்தல் கூண்டுச் சுவர்களில் மோதித் திரும்பியது. அஞ்சலை காதைப் பொத்திக்கொண்டாள். மோட்டார் நின்றது.

"இன்னாம்மா?" மாமாவின் குரலில் எரிச்சல்.

"தண்டு வளைஞ்சிருக்கு மாமா. நூல் கட்டிப் பாத்துட்டேன். மேல் முனை திரும்ப மாட்டேங்குது, நாலு போல்ட்டு புடிச்சிக்கினு இருக்கு. இதுக்கு மேல தள்ளினா மேடை போவாது. தண்டு மடங்கும், இல்ல போல்ட்டு தெறிக்கும். நாங்க அதுக்குக் கீழதான் நிக்கறோம்."

மாமா கையை உயர்த்தி உதயகுமாரைத் தடுத்தார்.

"சரி, தள்ள வேணாம்" என்றார் மாமா, குழந்தையைச் சமாதானம் செய்கிற குரலில். "எண்ணெய எறக்கிரலாம். உதயா, எறக்கற வால்வத் தொற."

"அதுவும் வேணாம்!" இப்போது அவள் மேடையில் படுத்து, சந்து வழியே நேராக அவர் கண்ணைப் பார்த்தாள். "மேடை இடுக்குல சொருவியிருக்கு மாமா. எண்ணெய் போயிரும், மேடை வராது. அந்தரத்துல தொங்கும். அடியில தாங்க எண்ணெயே இருக்காது. அப்புறம் இடுக்கு எப்ப விடுதோ அப்ப மொத்தமா விழும். அண்ணே, பிரஷர் மீட்டர் முள்ளு நிக்குதா?"

"நிக்குது தங்கச்சி. எறங்கல."

"அது நிக்கற வரைக்கும்தான் எங்களைத் தண்டு தாங்கிக்கினு இருக்கு. வால்வத் தொடாதீங்க."

மாமாவின் முகம் சந்தில் அப்படியே இருந்தது. அவர் கோபப்பட்டிருந்தால் அவள் அழுதிருப்பாள். அவரோ யாரோ தெரியாத ஆளைப் பார்ப்பது போல அவளைப் பார்த்துக்கொண்டேயிருந்தார்.

"பாய்!" அஞ்சலை மேலிருந்து முழங்கினாள். "உள்ள கீறது நானு. நீ அங்க குந்திக்கினு யோசன பண்ணிக்கினு கீறே. பொண்ணு வேணாம்ன்னா வேணாம். வேற இன்னா பண்ணணும், அதச் சொல்லு பாப்பா."

மர்வா கண்ணை மூடிக்கொண்டாள். அடுத்தது என்ன? ஒன்றுக்குப் பிறகு ஒன்று. "மேடைக்கு அடியில முட்டு குடுக்கணும். நாலு மூலைக்கும். அதுக்கப்புறம்தான் நாங்க நகரணும்."

"முட்டுக்கா பஞ்சம்? பின்னால பந்தக்கட்ட மலையாட்டம் கெடக்குது. பெர்சு சிறுசுன்னு எல்லா அளவும் கீது. போய் எடுத்தா!"

சவுக்குக் கட்டைகள் வந்தன. உதயகுமார் கூண்டுக்குள் உடம்பை நுழைக்காமல், வாசலில் நின்றபடியே ஒவ்வொன்றாக உள்ளே நிறுத்தினான். எட்டாத மூலைகளுக்கு நீளக் கம்பால் நெட்டித் தள்ளினான். கட்டை எட்டாத இடத்தில் அடியில் செங்கல்; அப்படியும் மேலே இரண்டு விரல் இடைவெளி மிச்சம் நின்றது. மாமா கட்டைகளைத் தோளில் சுமந்து கொண்டுவந்தார். போட்டுவிட்டுச் சந்துப் பக்கம் பார்க்காமலே திரும்பினார். மேலே அவர்கள் இருவருக்கும் வேலை எதுவும் இல்லை. இரும்புத் தகட்டில் உட்கார்ந்திருந்தார்கள். வெக்கை. சிலிண்டரின் வாயிலிருந்து கசிந்த எண்ணெய் மணம்.

"மாமனுக்கு இன்னா, கோவமா?" என்றாள் அஞ்சலை மெதுவாக.

"தெரியலக்கா."

"உன் தப்புன்ன. அப்புறம் போல்ட்டுன்ன. எதுதான் தப்பு?"

"ரெண்டும்" என்றாள் மர்வா. "ஆனா ரெயிலு மட்டும் இருந்தா லிஃப்ட்டு நின்னிருக்கும். தண்டு வளைஞ்சிருக்காது."

"போல்ட்டு யாரு போட்டது?"

மர்வா தகட்டில் இருந்த எண்ணெய்ச் சொட்டை விரலால் துடைத்தாள். துடைத்த இடத்தில் இன்னொரு சொட்டு விழுந்தது. "படம் நான் வரைஞ்சது" என்றாள்.

முட்டு கொடுத்து முடிந்ததும், சந்துக்கு நேராக வாசலில் மேசை ஒன்றைப் போட்டார்கள். அஞ்சலை முதலில். கால்களை வெளியே விட்டாள், இடுப்பில் சிக்கினாள், "இழுடா, இன்னா பூவா எடுக்கறே!" என்று உதயகுமாரை அதட்டினாள். அடுத்தது மர்வா. அவள் சுலபமாக வழுக்கி வந்துவிட்டாள். தரையில் கால் பட்டதும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப தொறக்கலாம்" என்றாள். "எல்லாரும் தள்ளி நின்னு."

வால்வைத் திறந்தது மாமா. மீட்டரின் முள் சரிந்து சைபரில் போய்ப் படுத்தது. எல்லோரும் மேடையைப் பார்த்தார்கள். மேடை அசையவில்லை. முட்டுக்கட்டைகளின் தலைக்கும் மேடையின் அடிக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி அப்படியே இருந்தது. எண்ணெய் முழுக்கப் போய்விட்டது, மேடை மட்டும் காற்றில் நிற்கிறது.

உதயகுமார் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான்.

டம்.

இரண்டு விரல் தூரம்தான். கட்டைகள் முனகின, ஒரு செங்கல் பிளந்தது, மாடியில் அண்டாக்கள் ஒன்றோடொன்று உரசி நெடுநேரம் அதிர்ந்தன. தூசி அடங்கும் வரை யாரும் நகரவில்லை. மாமா பிளாஸ்டிக் நாற்காலி அடுக்கின் மேல் உட்கார்ந்தார். அடுக்கு உயரமாக இருந்ததால் அவர் கால் தரையில் எட்டவில்லை.

பிறகு அவர் எழுந்து, முகம் துடைத்து, அஞ்சலையிடம் வந்தார். தொழில் பேசுகிற பழைய குரல் திரும்பியிருந்தது.

"ரெயில் ஒரு எடத்துல அளக்காம வுட்டுட்டாங்கக்கா. சின்னப் பொண்ணு, அனுபவம் பத்தாது. நைட்டோட நைட்டா சுவர செதுக்கி ரெயில நேர் பண்ணிடறோம். காலைல லிஃப்ட்டு உங்க கைல."

மர்வா கேட்டுக்கொண்டு நின்றாள். அவர் சொன்னதில் பொய் இல்லை. அவள் எழுதிவைத்ததும் அதேதான். தலையைக் குனிந்தால் போதும், பேச்சு அதோடு முடிந்துவிடும். காலையில் அந்தத் தண்டு அதே நாலு போல்ட்டோடு, அண்டாவையும் கூட யாராவது ஓர் ஆளையும் ஏற்றிக்கொண்டு மேலே போகும். அறிவிப்பை மீறி ஏற யாரும் தயங்கப்போவதில்லை. எழுதியவளே தயங்கவில்லை.

"காலைல குடுக்க முடியாது மாமா."

மாமா திரும்பவில்லை. "உள்ள போய் தண்ணி குடி."

"மேல் முனைய மாத்தணும். கண் வளையம் போடணும். தண்டையும் கழட்டிப் பாக்கணும், நிமிரலன்னா வேற தண்டு." அவள் நிறுத்தவில்லை. "பிரஸ்ஸுக்கு நாலு போல்ட்டு சரி மாமா. அது குட்டை. இது நீளம், ரெண்டு பக்கமும் கட்டக் கூடாது. நான் முதல்ல வளையம்தான் வரைஞ்சேன். நீங்க மாத்தச் சொன்னீங்க. நான் ஏன்னு கேக்காம மாத்திட்டேன்."

சாலையில் ஒரு லாரி போனது. உதயகுமார் தன் ஸ்பானர்களைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தான், துடைத்ததையே திரும்பத் துடைத்தான்.

"அப்ப என் அண்டா?" என்றாள் அஞ்சலை.

மாமா அவளைப் பார்த்தார், மாடியைப் பார்த்தார், சட்டைக் கையை மடித்தார். "நாங்களே எறக்கித் தர்றோம்க்கா." படிக்கட்டுக்குப் போகும் வழியில் மர்வாவின் பக்கத்தில் நின்றார். கோபமாக இல்லை. அதைவிடக் கனமாக ஏதோ இருந்தது.

"வளையம் வரை. ரெண்டு கட்டத்துலயும் உன் பேரையே போடு. இனிமே நான் பாக்க மாட்டேன்."

"மாமா, சரிபார்க்க ஒருத்தர்…"

"நான் பாத்து என்ன ஆச்சு?" என்று சொல்லிவிட்டுப் படியேறினார்.

கொஞ்ச நேரத்தில் அவர் தலையில் கவிழ்த்த அண்டாவோடு இறங்கி வந்தார். முகம் முழுக்க அண்டாவுக்குள் இருந்தது. கால் மட்டும் படியைத் தடவித் தடவி வந்தது. பின்னால் உதயகுமார். மர்வா கீழே நின்று ஒவ்வொன்றாக வாங்கி வைத்தாள். மாமாவிடமிருந்து வாங்கும்போதெல்லாம் அவள் கையும் அவர் கையும் ஒரே விளிம்பைப் பிடித்தன. அவர் ஒருமுறையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மாலை வகுப்பு தொடங்கும் நேரம் தாண்டிப் போயிருந்தது. போகலாமா என்று கேட்க ஆள் இல்லை. கேட்காமல் போகவும் அவளால் முடியவில்லை.

அஞ்சலை டீ வரவழைத்தாள். "குடி பாப்பா. வளையம் போட்டப்பறம் நான் ஏறலாமில்ல?"

"வேணாம்க்கா. சரக்கு மட்டும்."

"அடப் போ. அப்ப என் முட்டிக்கு இன்னா வழி?" என்று அவள் உதயகுமாரைத் திட்டப் போனாள்.

மர்வா கவிழ்த்த அண்டா ஒன்றின் மேல் உட்கார்ந்தாள். கூண்டுக்குள் மேடை சவுக்குக் கட்டைகளின் மேல் சாய்வாக நின்றது. அதன் தலைக்கு மேல் நாலு போல்ட்டும் அப்படியே இறுகியிருந்தன. பையிலிருந்து டைரியை எடுத்தாள். 'இன்று ஒரு சிறு தவறு' என்று எழுதினாள். அதற்கு மேல் எழுத வரவில்லை. 'சிறு' என்பதை அடித்தாள். எதிரே மாமா அடுத்த அண்டாவோடு இறங்கிக்கொண்டிருந்தார். எழுந்து போய் வாங்கி வைத்துவிட்டு வந்து, மறுபடி உட்கார்ந்தாள்.

2025 ஜூலை 16, புதன்.

இன்று ஒரு தவறு. ரெயிலை அளக்காதது என் தவறு என்று உடனே சொன்னேன். வளையத்தை அழித்ததைச் சொல்லத் தாமதித்தேன். அதற்குள் மோட்டார் ஓடத் தொடங்கிவிட்டது. வகுப்புக்குப் போகவில்லை. இனி படத்தைச் சரிபார்க்க ஆள் இல்லை. நான் வரைந்ததை நானே சரிபார்த்தால் என் தவறு எனக்கு எப்படித் தெரியும் என்று தெரியவில்லை.

நாளைய வேலை: மேல் முனையின் நாலு போல்ட்டையும் கழற்றுவது. தண்டின் வளைவை மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்திலும் அளப்பது. கண் வளையம் வரைவது.